பழையாற்றோடு கடல் வரை: சைக்கிளிலும் வள்ளத்திலும் ஒரு பகல்

முதலில் வள்ளத்தைப் பேசி முடியுங்கள். சைக்கிள், சாப்பாடு, கூட வரும் ஆட்கள் எல்லாம் அப்புறம். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலில் வள்ளம் வைத்திருப்பவர்கள் மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள். நம்மைச் சுற்றிக் காட்டுவதற்காக யாரும் கரையில் காத்து நிற்க மாட்டார்கள். அவர்களுக்கு எந்தக் காலை ஒழிகிறதோ, அந்தக் காலைதான் நமக்கும்.

நான் நாகர்கோவில் கோட்டாறுக்காரி. வெளியூர்ச் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்க்கும் பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று சின்னக் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு கிளம்புவேன். கோட்டாற்றிலிருந்து சுசீந்திரம், தேரூர், சாமித்தோப்பு வழியாக மணக்குடிக்குப் போவோம். அங்கே வள்ளம் ஏறிக் காயலைப் பார்த்துவிட்டு, புத்தளம், தெங்கம்புதூர், பறக்கை வழியாக ஊர் திரும்புவோம். மொத்தம் 30 முதல் 35 கிலோமீட்டர்தான். சொல்லிக்கொள்ளும்படி மேடு எதுவும் இல்லை. கியர் சைக்கிள் வேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. பால்காரர் விடுகிற சைக்கிளே போதும், பிரேக் சரியாக இருந்தால்.

ஏன் இந்தத் திசை? காற்றுக்காகத்தான். விடியற்காலையில் நம் பக்கம் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், அதுவும் மெல்ல. வெயில் ஏற ஏற, கடற்காற்று கிளம்பிவிடும். காலையில் கடலைப் பார்த்துப் போனால் முகத்தில் காற்று அடிக்காது. மதியத்துக்கு மேல் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால், அதே காற்று பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ தள்ளிக் கொடுக்கும். தலைகீழாகத் திட்டம் போட்டால், களைத்த காலோடு காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டும். பிள்ளைகள் அழுதுவிடுவார்கள்.

வள்ளத்துக்கும் இதே கணக்குதான். நாங்கள் வழக்கமாகப் போகும் வள்ளக்காரர் அறுபது தாண்டியவர். தொலைபேசியில் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "காத்து கெளம்புறதுக்கு முன்ன வந்துரணும் மக்களே. பொறவு வந்தா கரையில இருந்து பாத்துட்டுப் போ." இன்ஜின் இல்லாத சின்ன வள்ளம் அது. காற்று ஏறினால் அவருக்குக் கை வலி, நமக்கு ஆட்டம். அதனால் ஒன்பது மணிக்குள் வள்ளத்தில் கால் வைத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நேரத்தைக் கணக்குப் போடுங்கள். கோட்டாற்றிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக வரும்.

கிழமை சனிக்கிழமையாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நம் கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போக மாட்டார்கள். அதனால் ஆள் சும்மாதானே இருப்பார் என்று தோன்றும். ஆனால் அது காலைத் திருப்பலிக்கும் குடும்பத்துக்கும் உரிய நாள். அவரை அன்றைக்கு இழுப்பது சரியில்லை.

மாதம் என்றால் தையும் மாசியும்தான் என் தேர்வு. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. ஆனி, ஆடியில் சாரலும் மேல்காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தையில் மழை விட்டு, குளங்களில் தண்ணீர் நிற்கும், வெளிநாட்டுப் பறவைகளும் இருக்கும், வயலில் கும்பப்பூ நெல் முற்றிக்கொண்டு வரும். பங்குனி பிறந்தால் வெயில் தாங்காது. இரண்டு நாட்களை மட்டும் தவிருங்கள். ஒன்று மார்கழித் திருவிழாவில் சுசீந்திரம் தேரோட்டம். மற்றது மாசி 20, அய்யா வைகுண்டர் அவதார தினம்; அன்று நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்பு வரை ஊர்வலம் போகும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் நடந்து போய்ப் பாருங்கள். சைக்கிளுக்கு அங்கே இடம் இருக்காது.

அனுமதி விஷயத்தை ஒருபோதும் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் சேர்ந்து 2015-இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலங்கள் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. கூட்டமாகப் போவதாக இருந்தால் நாகர்கோவில் வனத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். மணக்குடியிலும் வள்ளக்காரரிடம் மட்டும் பேசினால் போதாது. ஊர்க் கமிட்டியில் ஒருவருக்காவது நாம் யார், எத்தனை பேர், எதற்கு வருகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இது பயந்து செய்கிற காரியம் இல்லை. அவர்கள் வீட்டு வாசல் வழியாகப் போகிறோம், சொல்லிவிட்டுப் போவதுதான் முறை.

ஆட்கள் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். சின்ன வள்ளத்தில் வள்ளக்காரரைத் தவிர நான்கு பேர் உட்காரலாம். எட்டுப் பேர் என்றால் இரண்டு பாதி: ஒரு பாதி தண்ணீரில் இருக்கும்போது மற்றப் பாதி புத்தளம் உப்பளம் வரை மிதித்துவிட்டு வரும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். யாரும் கரையில் சும்மா உட்கார்ந்து சலிக்க மாட்டார்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு ஒன்று நீங்களே கொண்டு போங்கள். மீன்பிடி வள்ளத்தில் அது இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. காயல்தானே, ஆழம் இல்லையே என்று சொல்கிறவர்கள் வருவார்கள். ஆழம் குறைவுதான், ஆனால் அடியில் சேறு. நீச்சல் தெரிந்தவருக்கும் சேற்றில் கால் புதைந்தால் கஷ்டம். ஜாக்கெட் போடாதவர் வள்ளத்தில் ஏறக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை.

சைக்கிளுக்கு முந்தின நாள் மாலையே காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையைப் பார்த்துவிடுங்கள். பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு பழைய ட்யூப், இவ்வளவும் கூட்டத்துக்கு ஒரு பையில் இருந்தால் போதும். உப்பளத்தை ஒட்டிய மண்பாதையில் உடைமுள் கிடக்கும். அந்த இடத்தில் எல்லோரும் ஒரே தடத்தில், முன்னால் போகிறவர் பின்னாலேயே வரச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு மாற்றுத் துணியும், ஆண்களுக்கு ஒரு வேட்டியும் வேண்டும். கோவிலுக்குள் போக ஆசைப்பட்டால் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

கோட்டாறு, இடலாக்குடி, சுசீந்திரம் வரை பிரதான சாலை. கன்னியாகுமரி போகும் வண்டிகளெல்லாம் அதில்தான் பறக்கும். அதனால்தான் இருட்டு விலகும் நேரத்திலேயே அதைக் கடந்துவிடச் சொல்கிறேன். எல்லா சைக்கிளிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்துப் பதில் சொன்ன மனிதரைப் பற்றி, சாலையில் கவனமாக வரச் சொல்லும்போது பிள்ளைகளுக்குச் சொல்வேன். கேட்டுக்கொள்கிறார்கள்.

சுசீந்திரத்துக்குள் நுழையும் முன் பழையாற்றுப் பாலம். இங்கே இறங்குங்கள். இனி நாள் முழுவதும் இந்தத் தண்ணீரோடுதான் போகிறோம் என்பதைக் கூட்டத்துக்கு இங்கேயே காட்டிவிட வேண்டும். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்த பிறகு, கோதையாற்றுத் தண்ணீரும் கால்வாய் வழியாக இந்த ஆற்றுக்கு வந்து நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்கிறது. ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதையும், ஊர்ச் சாக்கடை கலப்பதையும் மறைக்காமல் காட்டுங்கள். தண்ணீர் இங்கே என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து வைத்தால்தான், கீழே காயலில் அது என்னவாகிறது என்பது புரியும்.

தாணுமாலயன் கோவிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் உள்ளே போகாதீர்கள். அவசரமாகப் பார்க்கிற கோவில் இல்லை அது. கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுக் குளத்துக்கு நகருங்கள். சுசீந்திரம் குளத்திலும் தேரூர்க் குளத்திலும் காலை வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் பறவை தெரியும். இலைகளின் மேல் நடக்கிற நீளவால் இலைக்கோழி, நாணலுக்குள் நீலத்தாழைக்கோழி, அதிர்ஷ்டம் இருந்தால் கூட்டமாகக் கூழைக்கடா. ஒரு பைனாகுலர் இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம். தேரூர் கவிமணி பிறந்த ஊர், 1876-இல். குளக்கரையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, அவர் பாட்டு தெரிந்த யாராவது கூட்டத்தில் இருந்தால் பாடச் சொல்லுங்கள். எப்படியும் ஒருவர் இருப்பார்.

அப்புறம் சாமித்தோப்புக்கு வயல் வழிச் சாலை. இந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்த மிதிப்பு இதுதான். இரண்டு பக்கமும் நெல், வாய்க்கால், வாழை, தென்னை, வடக்கே திரும்பிப் பார்த்தால் மலை. வேகம் வேண்டாம். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் வழிபாட்டுத் தலமான பதிக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். சிலை இல்லாமல் கண்ணாடியின் முன் நின்று வணங்குகிற இடம். ஆண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். முத்திரிக்கிணற்றையும் காட்டுங்கள். தண்ணீர் எடுப்பதற்கே சாதி பார்த்த காலத்தில், எல்லோரும் சேர்ந்து குளிக்கவும் குடிக்கவும் வெட்டிய கிணறு. ஆற்றையும் குளத்தையும் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்கு இந்தக் கிணறு தனியாக விளக்கம் கேட்காது.

காலைச் சாப்பாடு வழியில் ஏதாவது சின்னக் கடையில்: புட்டும் பயறும் பப்படமும், ஒரு மட்டிப்பழம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வள்ளம் ஏற வேண்டாம்.

மணக்குடி போனதும் வள்ளக்காரர் வீட்டு முற்றத்திலோ அவர் காட்டுகிற இடத்திலோ சைக்கிள்களை ஒரே சங்கிலியில் பூட்டிவிடுங்கள். ஏறுவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பொழி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? ஆறு கடலில் சேரும் முகம்தான் பொழி. அங்கே மணல் திட்டு வளரும். மழை குறைந்த மாதங்களில் அது வாயை அடைத்துவிடும், வெள்ளம் வந்தால் உடையும், சில சமயம் வெட்டியும் விடுவார்கள். மூடியிருந்தால் காயல் குளம் போலக் கிடக்கும். திறந்திருந்தால் கடல் ஏறுவதும் இறங்குவதும் உள்ளே தெரியும். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், என்றாலும் குறுகிய வாயில் அந்தத் தண்ணீர் வேகமாக இழுக்கும். பொழி திறந்திருக்கும் நாளில் வள்ளத்தை ஆற்றுப் பக்கமாகத்தான் விடச் சொல்ல வேண்டும். பொழிமுகத்துக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் கூடாது.

வள்ளத்தில் நடுவில் உட்காருங்கள், எழுந்து நிற்காதீர்கள், பாட்டுப் பெட்டி வேண்டாம். துடுப்புச் சத்தத்துக்குப் பழகினால், அலையாத்திச் செடிகளுக்குள் நண்டு ஓடுவதும் காதில் விழும். சுனாமிக்குப் பிறகு வனத்துறை நட்டு வளர்த்ததும் இதில் உண்டு. செடியின் வேர் மேலே நீட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டி, சேற்றில் காற்று கிடைக்காததால் அது வெளியில் மூச்சு விடுகிறது என்று சொல்லுங்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு நாற்றம் வரும். கயிறு திரிக்கக் கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அது அழுகும்போது வருகிற வாடை. பலருக்குப் பிழைப்பு கொடுத்த தொழில்தான், ஆனால் ஊறல் கிடக்கும் இடத்தில் தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்து மீன் அண்டாது. வள்ளக்காரரைப் பேச விடுங்கள். எந்த இடத்தில் கரிமீன் கிடக்கும், எந்த மாதம் உப்பு ஏறும் என்பதையெல்லாம் அவரைவிட யாரும் நன்றாகச் சொல்ல மாட்டார்கள். நம் கூட்டத்தில் நிறையப் படித்தவர் ஒருவர் இருந்தால், அந்த ஒரு மணி நேரம் அவரைப் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைக்கிற பாலத்தின் பக்கம் வரும்போது வள்ளக்காரர் குரல் மாறும். 2004 டிசம்பர் 26 அன்று இங்கிருந்த பாலத்தை அலை பிய்த்துக்கொண்டு போனது. உயிர்களும் போயின. இப்போது நிற்கும் பாலத்துக்கு, காமராசர் அமைச்சரவையில் மீன்வளத்துறை வைத்திருந்த லூர்தம்மாள் சைமன் பெயர். நீங்களாக எதையும் கிளறிக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்த பிறகு கடலில் குளிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்தப் பக்கக் கடற்கரை சரிவானது, இழுப்பும் அதிகம். காற்றும் மழையும் இல்லாத நாளிலேயே, தூரத்தில் எங்கோ அடித்த புயலால் பெரிய அலை வந்து ஏறும். அதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் அப்படி வந்த அலையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். கிளம்பும் முன் கடல் நிலையை அறிவிக்கும் இன்காய்ஸ் மையத்தின் எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் குளியல் வீட்டில் போய்த்தான்.

மதியச் சாப்பாட்டை வள்ளக்காரர் வீட்டிலேயே சொல்லி வைத்தால் மிக நல்லது. மரச்சீனிக்கிழங்கு அவித்து, அன்று கிடைத்த மீனில் குழம்பு. அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள், வீட்டம்மா கையில் கொடுங்கள். வள்ளக்கூலியில் பேரம் வேண்டாம். நமக்காக ஒரு காலை மீன்பிடியை விட்டிருக்கிறார். எவ்வளவு என்று போன வாரமே கேட்டு வைத்துக்கொண்டு, சில்லறையாக எடுத்துப் போங்கள்.

மூன்றரை மணிக்கு வெயில் தணியத் தொடங்கியதும் கிளம்பலாம். புத்தளம் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்பையும், பாத்தி வரப்பில் நிற்கிற நாரைகளையும் காலையில் ஒரு பாதிக் கூட்டம்தான் நிதானமாகப் பார்த்திருக்கும், மற்றவர்களுக்காக இன்னொரு தடவை நில்லுங்கள். தையில் போனால் பூநாரையும் கண்ணில் படலாம். வரப்பில் ஏறி நடக்க வேண்டாம், அது ஒருவர் வேலை செய்கிற இடம். பறக்கை தாண்டியதும் சாலையில் வண்டிகள் கூடிவிடும். மறுபடியும் ஒருவர் பின் ஒருவராக, சிறுவர்கள் நடுவில், கடைசியில் சைக்கிள் நன்றாக விடத் தெரிந்த ஒருவர். இருட்டும் முன் கோட்டாறு வந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பில் சைக்கிளை அப்படியே நிறுத்திவிடாதீர்கள். காயல் கரை உப்பும் உப்பளத்து மண்ணும் செயினில் ஒட்டியிருக்கும், இரண்டு நாளில் துரு ஏறிவிடும். அன்று இரவே ஒரு வாளி நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டுகளையும் அப்படியே அலசி நிழலில் காயப் போடுங்கள்.