புதிய ஸ்மார்ட்போனின் அறிமுக அறிவிப்பைச் சந்தேகக் கண்ணோடு படிப்பது எப்படி?

அறிமுக விழாவில் திரையில் ஓடும் எண்கள் பெரும்பாலும் பொய்யல்ல. அந்தக் கைபேசி ஏதோ ஒரு கணத்தில், ஏதோ ஒரு நிபந்தனையில் எட்டிய உச்சம் அவை. நாம் காசு கொடுத்து வாங்குவதோ நாள் முழுதும் அது இயங்கும் சாதாரண நிலையை. எனவே எந்த எண்ணைக் கண்டாலும் 'எவ்வளவு நேரத்துக்கு, எந்த நிலையில்?' என்று கேட்டுப் பழகுங்கள். விடை பெரும்பாலும் பொடி எழுத்து அடிக்குறிப்பில் இருக்கும். நான் விளம்பரத்தை அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.

முதலில் கேமரா. 200 மெகாபிக்சல் என்று அறிவிக்கப்படும் கேமரா, வழக்கமான பயன்பாட்டில் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. ஒவ்வொரு பிக்சலும் மிகச் சிறியது என்பதால், மங்கிய வெளிச்சத்தில் அப்படிச் சேர்த்தால்தான் படம் தேறும். ஆகவே மெகாபிக்சலை விட்டுவிட்டு, ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் அளவு என்ன, இரவில் நகரும் ஆளை எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். மாதிரிப் படங்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 2012-இல் நோக்கியா லூமியா 920-க்கான விளம்பரக் காணொளியில், ஒரு வண்டியின் கண்ணாடி ஜன்னலில் பெரிய கேமராவுடன் ஓர் ஒளிப்பதிவாளரின் பிம்பம் தெரிந்துவிட்டது. அக்காட்சிகள் அந்தக் கைபேசியில் எடுக்கப்பட்டவை அல்ல என்று ஒப்புக்கொண்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

வேகத்தைக் காட்டும் பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணிலும் இதே சிக்கல்தான். 2018-இல் சில ஹுவாவே கைபேசிகள் சோதனைச் செயலியை அடையாளம் கண்டு, அப்போது மட்டும் கூடுதல் வேகத்தில் ஓடியது தெரியவந்ததால், 3டிமார்க் என்ற வேகச் சோதனைச் செயலியின் தரவரிசையிலிருந்து நீக்கப்பட்டன. நேர்மையான கைபேசிகூடச் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒற்றை மதிப்பெண்ணைத் தேடாமல், இருபது நிமிடம் தொடர்ந்து ஓடும் அழுத்தச் சோதனையின் வரைபடத்தைத் தேடுங்கள். முதல் நிமிடத்துக்கும் கடைசி நிமிடத்துக்கும் கோடு எவ்வளவு சரிகிறது என்பதே உங்களுக்கு வேண்டிய தகவல். நான் வைத்திருந்த ஒரு கைபேசியில், வெயிலில் நின்று காணொளி எடுக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் திரை தானாக மங்கிவிடும். அதன் விளம்பரத்தில் முதலிடம் பெற்றிருந்ததே திரையின் பிரகாசம்தான்!

ஆயிரக்கணக்கில் சொல்லப்படும் நிட்ஸ் (திரைப் பிரகாசத்தின் அலகு) பொதுவாகத் திரையின் ஒரு சிறு பகுதியில் அளக்கப்பட்டது. சார்ஜரின் வாட் எண்ணும் பேட்டரி காலியாக இருக்கும்போது சிறிது நேரம் மட்டுமே எட்டப்படுவது.

முதல் வார விமர்சனங்கள் எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும், காலம் மட்டுமே காட்டக்கூடிய குறைகளை அவற்றால் காட்ட முடியாது. சாம்சங் கேலக்ஸி நோட் 7 பெரும் பாராட்டுடன் 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது; பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது; மாற்றாகக் கொடுக்கப்பட்டவையும் எரிந்ததால் அக்டோபரில் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. முன்பதிவுச் சலுகையை விட்டுக்கொடுத்து இரண்டு மூன்று மாதம் பொறுப்பதில் விலை இறங்கும் வாய்ப்பும் உண்டு. 2014 ஜூலையில் தொலைபேசிச் சேவை ஒப்பந்தத்துடன் 199 டாலருக்கு வந்த அமேசான் ஃபயர் ஃபோன், செப்டம்பரிலேயே 99 சென்ட்டுக்கு இறங்கியது.

'விரைவில் அப்டேட்டில் வரும்' என்று சொல்லப்படும் வசதிகளுக்கு, வாங்கும் நாளில் மதிப்பு பூஜ்யம் என்றே கணக்கிடுங்கள். 2024 ஜூனில் ஆப்பிள் அறிவித்த, அதன் குரல் உதவியாளரான சிரியின் புதிய வசதிகள் ஐபோன் 16-இன் விளம்பரங்களிலும் இடம்பெற்றன. 2025 மார்ச்சில் அவை தள்ளிவைக்கப்பட்டன. இத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் தருவோம் என்ற உறுதிமொழியைப் படிக்கும்போது, அந்த ஆண்டுகள் கைபேசி சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றனவா, நீங்கள் வாங்கும் நாளிலிருந்தா என்பதையும் பார்த்துவிடுங்கள்.