ஜக்தல்பூர் கிளம்புகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தாச்சு, வேற எங்கே போகலாம் என்று கேட்கும் வடசென்னை நண்பர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் ஜக்தல்பூர். சத்தீஸ்கரின் தெற்கே, பஸ்தர் மாவட்டத்தின் தலைநகரம். பக்கத்திலேயே இந்திராவதி ஆறு, சால் மரக்காடு, அருவிகள். சுற்றுவட்டாரத்தில் முரியா, மாடியா, துருவா, ஹல்பா, பத்ரா என்று பல பழங்குடிகள். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் சக்கரக்கோட்டம் இந்தப் பகுதிதான் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. நம்ம ஆட்கள் போய்ப் பார்க்கவேண்டிய ஊர். ஆனால் போகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள் இருக்கின்றன.

பெரிய தவறு கேமராவில் நடக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவின் முகத்துக்கு நேரே, யாரோ ஒருவர் கேட்காமல் கொள்ளாமல் போனை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? வடசென்னை என்றாலே அடிதடி, வெட்டுகுத்து என்று வெளியாட்கள் பேசும்போது நமக்கு வயிறு எரிகிறது இல்லையா? பஸ்தரின் வாரச்சந்தைக்கு வரும் பெண்களுக்கும் அதே எரிச்சல்தான். விடிகாலையில் கிளம்பி, தலைச்சுமையோடு நடந்து வந்து, புளியும் மகுவாப் பூவும் விற்று, உப்பும் எண்ணெயும் வாங்கிப் போகிற நாள் அது. பச்சை குத்திய கையையும் மூக்குத்தியையும் படம் எடுக்கத்தான் மனம் போகும். முதலில் எதையாவது வாங்குங்கள், உட்கார்ந்து பேசுங்கள், பிறகு கேளுங்கள். தலையசைத்து வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்து வரிசையில் நிற்கவைப்பதும், "டான்ஸ் ஆடிக் காட்டச் சொல்லுங்க" என்று வண்டிக்காரரிடம் கேட்பதும் அறவே கூடாது. முரியா இளைஞர்கள் கூடும் கோட்டுல் பற்றி ஆளாளுக்கு ஏதேதோ கதை கட்டி வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் பிள்ளைகளை வளர்க்கிற இடம், வேடிக்கை பார்க்கிற இடமாக்காதீர்கள்.

கிராமங்களுக்குப் போவதற்கு முன் ஊருக்குள் இருக்கும் மானுடவியல் அருங்காட்சியகத்தில் ஒரு காலைப்பொழுதைச் செலவிடுங்கள். 1972-இல் தொடங்கியது. யார் யார், என்ன கருவி, என்ன வழிபாடு என்று அங்கே பார்த்துவிட்டுப் போனால், எல்லோரையும் ஒரே கூட்டமாக நினைக்கிற தவறு பாதி குறையும். மொழியே எத்தனை! கோண்டியும் துருவாவும் நம் தமிழைப் போலத் திராவிட மொழிகள். சந்தையில் பொதுவாகப் புழங்குவது ஹல்பி. இந்தி தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது.

சந்தையில் தொன்னையில் ஊற்றித் தரும் சல்பி, கூந்தல்பனையில் இறக்கும் கள். காலையில் இனிக்கும், வெயில் ஏற ஏறப் புளிக்கும், போதையும் ஏறும். மகுவா நம்ம இலுப்பையின் இனம், அதன் பூவில் வடிக்கும் சாராயம் காட்டமானது. ருசி பார்க்கிறேன் என்று வெறும் வயிற்றில் இறங்க வேண்டாம். முசுறு எறும்பை முட்டையோடு, மிளகாய், உப்பு சேர்த்து அரைத்த சாப்டா சட்னியும் கிடைக்கும். நல்ல புளிப்பு. பிடிக்கவில்லையென்றால் வாங்காதீர்கள். விற்கிறவர் எதிரே நின்று முகம் சுளிப்பது மரியாதை இல்லை.

டோக்ரா என்னும் பித்தளைச் சிலை வாங்குகிறவர்கள் செய்யும் தவறு, அடித்துப் பேரம் பேசுவது. ராய்ப்பூர் சாலையில் இருக்கும் கொண்டகாவ்ன் வரை போய், அதைச் செய்வதை ஒருமுறை பாருங்கள். களிமண்ணில் உரு பிடித்து, தேன்மெழுகை நூல் நூலாக இழுத்து அதன்மேல் சுற்றுகிறார்கள். மானின் கொம்பும் பெண்ணின் வளையலும் அந்த மெழுகு நூலில்தான் உருவாகும். மறுபடி மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைக்கிறார்கள். அச்சு போனது போனதுதான், அதே சிலை இன்னொன்று வராது. இதைப் பார்த்த பிறகு பாதி விலைக்குக் கேட்க வாய் வராது.

அடுத்தது, பருவம் பார்க்காமல் போவது. சித்ரகோட் அருவி ஊரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். மழைக்காலத்தில் குதிரை லாட வடிவில் முழு அகலத்துக்கும் செம்மண் நிறத்தில் கொட்டும், பக்கத்தில் நெருங்க முடியாது. மழை ஓய்ந்த பிறகு தண்ணீர் தெளிந்து பல தாரைகளாகப் பிரியும், படகில் கிட்டே போகலாம். கோடையில் போனால் மெலிந்த தாரைகள்தான். காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவின் கோட்டும்சர் குகையை மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவதே என் விருப்பம். தீரத்கட் அருவி சித்ரகோட்டிலிருந்து வேறு திசையில் இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டம் போடாதீர்கள்.

தசராவுக்குப் போகிறவர்கள் ராவணனை எரிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். பஸ்தர் தசரா தந்தேஸ்வரி அம்மனுக்கானது, 75 நாள் நடக்கும். விஜயதசமி அன்று வந்து மறுநாள் கிளம்பினால், பழங்குடியினர் தேரைக் காட்டுக்கு இழுத்துப் போக, அரச குடும்பத்தார் போய்ச் சமாதானம் பேசி மீட்டு வருகிற கட்டத்தையும், அதற்கடுத்து வரும் முரியா தர்பார் என்னும் மக்கள் சபையையும் விட்டுவிடுவீர்கள். அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

இனி ரயில். சென்ட்ரலில் ஏறி, கொருக்குப்பேட்டை, எண்ணூர் தாண்டி விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து கிரந்துல் ரயிலில் மாறவேண்டும். தூங்கிக்கொண்டே போகலாம் என்று இரவு வண்டியைப் பிடிப்பவர்கள் அதிகம். பகல் வண்டியைப் பிடியுங்கள். பைலாதிலா மலையின் இரும்புத்தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960-களில் போட்ட பாதை அது. சுரங்கப்பாதை சுரங்கப்பாதையாகக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, அரக்கு, கோராபுட் வழியாகப் போகும்.

அப்புறம் ஸ்வெட்டர். நமக்கு மார்கழியிலும் மின்விசிறி சுற்றும் என்பதால் பலர் எடுத்துப் போவதில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே நன்றாகக் குளிரும். சில்லறைப் பணமும் எடுத்துக்கொள்ளுங்கள், சந்தையில் எல்லோரிடமும் போனில் பணம் அனுப்ப முடியாது. காட்டுப் பாதைகளில் உள்ளே போவதற்கு முன், அன்றைய நிலவரத்தை உள்ளூர்க்காரர்களிடமோ காவல் நிலையத்திலோ கேட்டுவிட்டே கிளம்புங்கள்.