1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: முதல் நூறில் செய்த தவறு ஆயிரத்தில்தான் தெரியும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப்போட்டி. அமெரிக்காவின் பாபி ஃபிங்க் 14 நிமிடம் 30.67 வினாடியில் சுவரைத் தொட்டார். லண்டனில் 2012-இல் சீனாவின் சுன் யாங் படைத்த 14:31.02 என்ற உலக சாதனை, பன்னிரண்டு வருடம் கழித்து அன்று உடைந்தது. அந்த நேரத்தை முப்பதால் வகுத்துப் பாருங்கள். குளத்தின் ஒரு நீளத்துக்கு, அதாவது 50 மீட்டருக்கு, ஏறக்குறைய 29 வினாடி வரும். அந்த 29-ஐ முப்பது தடவை நீந்த வேண்டும். தூரப் பந்தயத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகளில் பாதி, இந்தக் கணக்கை மறப்பதால் வருபவை.

18 நிமிடத்தில் முடிக்க ஆசைப்படும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அவன் ஒவ்வொரு நூறையும் 1 நிமிடம் 12 வினாடியில் நீந்த வேண்டும். டைவ் அடித்ததும் முதல் நூறை 1:06-இல் முடித்துவிடுவான். கரையில் அப்பா கைதட்டுவார். பயிற்சியாளர் மட்டும் ஸ்டாப்வாட்சைப் பார்த்து உதட்டைக் கடிப்பார். பையனுக்கோ ஒரு கஷ்டமும் தெரியாது. ஓய்வெடுத்து வந்த உடம்பு, தசையில் ஏற்கெனவே இருக்கிற சக்தி, போட்டி நாளின் பரபரப்பு எல்லாம் சேர்ந்து முதல் ஒரு நிமிடத்தைச் சுலபமாகக் காட்டும். மூச்சு தன் கணக்கைக் கேட்க வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். 700 மீட்டரைத் தாண்டும்போது தோள் கனக்கும், முழங்கை கீழே இறங்கும், நூறு மீட்டருக்கு 1:16 ஆகும். மிச்சமிருக்கிற எட்டு நூறிலும் நான்கு நான்கு வினாடியாகப் போகும். சம்பாதித்தது ஆறு வினாடி, கட்டியது முப்பத்திரண்டு. தவறு நடந்த இடமும் அதற்கான தண்டனை வருகிற இடமும் இவ்வளவு தள்ளி இருப்பதால்தான், “கடைசியில் தெம்பு போயிடுச்சு சார்” என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தெம்பு போனது கடைசியில் இல்லை, முதல் இரண்டு நீளத்தில்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அது டோக்கியோ ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்து வந்தது. அங்கே ஃபிங்க் கடைசி 50 மீட்டரை 25.78 வினாடியில் நீந்தி, 14:39.65-இல் தங்கம் வாங்கினார். பார்க்கிற யாருக்கும் சிலிர்க்கும். உடனே நம் பிள்ளைகள், 1400 மீட்டர் வரை சும்மா மிதந்துவிட்டுக் கடைசியில் பாய்ந்தால் போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பந்தயம் முழுக்க ஃபிங்க் முன்னணியை விட்டு விலகவே இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்ததால்தான் அந்தப் பாய்ச்சல் பலித்தது. பாரிஸில் அதே ஆள் தொடக்கத்திலேயே முன்னே போய், கடைசி வரை விடவில்லை. ஒரே மனிதர், இரண்டு விதமான பந்தயம். இரண்டிலும் நடுவில் இருந்த ஆயிரம் மீட்டரை அவர் வீணாக்கவில்லை.

அடுத்தது சுவர். முப்பது நீளம் என்றால் 29 திருப்பம். டோக்கியோவில் தங்கத்துக்கும் வெண்கலம் வாங்கிய ஜெர்மனியின் ஃப்ளோரியன் வெல்ப்ராக்குக்கும் இடையே இருந்தது 1.26 வினாடி. 29-ஆல் வகுத்தால், ஒரு திருப்பத்துக்கு 0.05 வினாடிகூட முழுசாக இல்லாத வித்தியாசம்! சோர்ந்துபோன நீச்சல்காரரைச் சுவர் பக்கம் கவனித்துப் பாருங்கள். திரும்ப உருளுவதற்கு முந்தின கைவீச்சில் தலையைத் தூக்கி ஒரு மூச்சு எடுப்பார். அதில் வேகம் பாதியாகும். பாதம் சுவரில் முழுசாகப் பதியாது, விரல் நுனி மட்டும் வழுக்கும். தள்ளிவிட்டு வெளியே வந்த முதல் வீச்சிலேயே இன்னொரு மூச்சு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு திருப்பத்தில் அரை வினாடி போய்விடும். கால் சுவரைத் தொடாமலே திரும்பிவிட்டால் தகுதிநீக்கம், அதற்கப்புறம் பேச்சே இல்லை.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் விடுவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறார்கள். முகம் உள்ளே இருக்கும்போதே குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சுக்காகத் தலையைத் திருப்பும்போது நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீரில் இருக்கட்டும். தலை தூக்கினால் இடுப்பு இறங்கும். அதைச் சரிக்கட்டக் காலை அடித்து உதைப்பீர்கள், கடைசி நூறுக்கு வைத்திருந்த கால் அங்கேயே செலவாகிவிடும்.

நீள எண்ணிக்கையைத் தலைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். களைப்பில் 17-ஆ 19-ஆ என்று குழப்பம் வரும். திரும்பும் பக்கத்தில் இன்னும் எத்தனை நீளம் பாக்கி என்று அட்டை காட்டுவார்கள், இரண்டு நீளமும் 5 மீட்டரும் மிச்சமிருக்கும்போது மணியோ விசிலோ ஒலிக்கும். அட்டையைப் பார்க்கும் பழக்கம் பயிற்சியிலேயே வர வேண்டும்.

ஹீட்ஸில், அதாவது இறுதிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் தகுதிச் சுற்றில், எவ்வளவு வேகம் போவது? இங்கே பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 2008 பெய்ஜிங்கில் ஆஸ்திரேலியாவின் கிராண்ட் ஹாக்கெட் ஹீட்ஸில் 14:38.92 நீந்தி ஒலிம்பிக் சாதனை படைத்தார். இறுதியில் துனிசியாவின் உசாமா மெல்லூலி 14:40.84-இல் தங்கம் வாங்க, ஹாக்கெட் 14:41.53-உடன் வெள்ளியோடு நின்றார். ஹீட்ஸில் நீந்தியதை அப்படியே திரும்ப நீந்தியிருந்தால் தங்கம் அவருடையது. மறுபக்கம், 1996 அட்லாண்டாவில் கீரன் பெர்கின்ஸ் நூலிழையில் எட்டாவது ஆளாக நுழைந்து, ஓரத்தில் எட்டாவது லேனில் நீந்தி 14:56.40-இல் ஜெயித்தார். கேட்க அழகான கதைதான். ஆனால் யாரும் அதைத் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. பாரிஸில் வெல்ப்ராக் ஹீட்ஸைத் தாண்டவே இல்லை.

டைவ் அடிக்கும் தொடக்க மேடையில் அசையாமல் நில்லுங்கள். லண்டன் இறுதிப்போட்டியில் சுன் யாங் ஹாரனுக்கு முன்பே தண்ணீரில் விழுந்தார். அரங்கின் கூச்சல்தான் காரணம் என்று நடுவர்கள் ஏற்றுக்கொண்டதால் பிழைத்தார். எல்லோருக்கும் அது கிடைக்காது.

மருந்து விஷயம் எனக்கு மனசை உறுத்துவது. 1972 மியூனிக்கில் 16 வயது ரிக் டிமாண்ட், 1500-இன் உலக சாதனையாளராக வந்திருந்தார். தான் எடுக்கும் ஆஸ்துமா மருந்தைப் படிவத்தில் எழுதியும் கொடுத்திருந்தார். அதில் எஃபெட்ரின் இருந்ததால் 400 மீட்டரில் வென்ற தங்கம் பறிபோனது, 1500 இறுதியில் நீந்தவும் விடவில்லை. பெரியவர்கள் சரிபார்க்காத தவறுக்குப் பையன் விலை கொடுத்தான். சளிக்கு வாங்கும் சாதாரண மாத்திரையானாலும், போட்டிக்கு முன் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, வேகத்தை எப்படிப் பழகுவது? பதினைந்து நூறு மீட்டர், நடுவில் பத்து வினாடி ஓய்வு. ஒவ்வொன்றும் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்க்கும் முன் உங்கள் நேரத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். முதல் வாரம் நான்கு ஐந்து வினாடி தப்பும். பதினைந்து தடவையும் ஒரு வினாடிக்குள் சரியாகச் சொல்ல வருகிற அன்று 1500-க்குப் பெயர் கொடுங்கள்.