சிலோன் சுவெட்டரைத் துவைக்காதீர்கள்

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு குழந்தை சுவெட்டர் இருக்கிறது. சிவப்புக் கம்பளி, இடது முழங்கையில் வேறு நூலால் போட்ட ஒட்டு, ஐந்து பொத்தானில் நான்கு கறுப்பு, மேலிருந்து மூன்றாவது மட்டும் வெள்ளை. 1971இல் இலங்கை அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தலைமன்னார் வரை ரயிலிலும், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலிலும் எட்டு வயது அம்மா போட்டுக்கொண்டு வந்தது. லயத்துக் குளிருக்குப் பின்னியது (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுதான் லயம்). மண்டபம் முகாமுக்கு வந்த அன்றே கழற்றியாயிற்று, ராமநாதபுரம் வெயிலில் அதற்கப்புறம் அதை யார் போடுவது?

1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்படி வந்த குடும்பங்களில் தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கும்: டிரங்குப் பெட்டி, பித்தளைத் தூக்கு, ஸ்லேட்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து படகில் வந்தவர்களிடமும் இருக்கும். அவற்றை இந்த உப்புக் காற்றில் எப்படிக் காப்பாற்றி வைப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். இதில் பாதி நான் கெடுத்ததில் இருந்து கற்றுக்கொண்டது.

முதலில் கெடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் முன்பு, நல்லது செய்வதாக நினைத்து அந்த சுவெட்டரை சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டேன். கம்பளி ஒரு சாண் சுருங்கியது. அதைவிட, அதில் அடுப்புப் புகை வாசனை ஒன்று இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மடியில் வைத்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தார், திட்டவில்லை, மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது, தாத்தா பெயரில் இருந்த குடும்ப அட்டையை ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டேன். இரண்டே மழைக்காலம், ஓரத்தில் பிளாஸ்டிக் விட்டுக்கொடுத்து ஈரம் உள்ளே இறங்கி, மை பரவி, இப்போது பிரிக்கவும் முடியாது. பிரித்தால் தாளும் கூடவே வரும்.

ஆக முதல் விதி, பொருளில் கை வைப்பதற்கு முன்னால் அதன் கதையை எழுதி வாங்குங்கள். இது எனக்கு உறைத்தது ஒரு கரடி பொம்மையால். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தில் கையளவு கரடி பொம்மை ஒன்று இருக்கிறது. 1937இல் லிவிவ் நகரில் பிறந்த ஒரு யூதச் சிறுமியுடையது. அம்மாவும் மகளும் போலிக் காகிதங்களோடு கத்தோலிக்கர்களாக நடித்துப் போலந்தில் போரைக் கடந்தார்கள். 1948இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது கரடியும் கூடவே போனது. தான் யூதப் பெண் என்பதே அவளுக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அந்தக் கரடிக்கு அவள் வைத்த பெயர் ‘அகதி’. 2006இல் அதன் நகல் ஒன்று டிஸ்கவரி விண்கலத்தில் விண்வெளி வரைக்கும் போய் வந்தது. அந்தப் பெயரையும் கதையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பழைய பொம்மை, எந்தக் குப்பையிலும் போய்ச் சேரக்கூடியது. அகதி முகாம் இருக்கிற மண்டபத்துக்காரனுக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கதை கேட்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. “கப்பல்ல வந்தது எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டால் “என்னத்த, வந்தோம்” என்பார்கள், அதோடு முடிந்தது. பொருளைக் கையில் கொடுத்துவிட்டுச் சின்னதாகக் கேளுங்கள். இதை யார் பின்னினது? இந்த ஒட்டு எப்போது போட்டது? பெட்டியில் இதற்கு மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது? போனில் ரெக்கார்ட் பண்ணுங்கள், ஆனால் அன்றைக்கே ஒரு தாளில் பென்சிலால் எழுதியும் வையுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும், பென்சில் பரவாது. சொன்னவர் யார், எழுதியது யார், தேதி என்ன, மூன்றும் வேண்டும். ‘லயம்’, ‘பிரட்டுக்களம்’ (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ‘கங்காணி’ என்று அவர்கள் சொல்வதை நாம் திருத்தி எழுதக் கூடாது.

அப்புறம் படம். ஜன்னல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், ஒரு ஸ்கேலைக் கூட வைத்து முன், பின், உள்பக்கம், தையல், கறை எல்லாம் எடுங்கள். கறையும் கதைதான், அதை நீக்கப் பார்க்காதீர்கள்.

சுத்தம் என்றால் தூசி தட்டுவது மட்டும். புதுசான மெல்லிய பெயின்ட் பிரஷ் ஒன்று போதும், நூல் ஓடும் திசையிலேயே லேசாக. தண்ணீர், சோப்பு, ஷாம்பு, வெயில், இஸ்திரி எதுவும் வேண்டாம்.

கம்பளிக்குப் பெரிய எதிரி அந்துப்பூச்சி. அந்துருண்டையைப் போட்டால் போதும் என்று நாம் நினைப்போம், ஆனால் அதன் ஆவி மூச்சுக்கும் நல்லதல்ல, சில வகைப் பிளாஸ்டிக் பொத்தானையும் இளக்கிவிடும். அதற்கு பதில் ஃப்ரீசரைப் பயன்படுத்துங்கள். துணியை பாலிதீன் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து, ஒட்டி, அதை இன்னொரு பையிலும் போட்டு இரண்டு வாரம் வைக்க வேண்டும் (நம் ஊர் ஃப்ரீசரில் நெத்திலியும் சீலாவும் இருக்கும், அதனால் இரண்டு பை கட்டாயம்). எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு முழு நாள் வெளியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த துணியில் நம் காற்றின் ஈரம் முத்து முத்தாக இறங்கிவிடும். போட்டோ, மரச்சாமான், சாயம் பூசிய பொம்மை இதெல்லாம் ஃப்ரீசருக்குப் போகக் கூடாது.

உப்பு இருக்கிறதே, அது தானாகக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாம்பன் பக்கம் ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று பார்த்திருப்பீர்கள், பழைய தாளில் இருக்கும் குண்டூசியும் ஸ்டாப்ளர் பின்னும் அதே கதிதான், துரு பிடித்துத் தாளை ஓட்டை போடும். மெதுவாக எடுத்துவிட்டு வெள்ளை நூலால் கட்டுங்கள். செல்லோ டேப் கூடாது. தாள்களைத் தட்டையாக, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வையுங்கள். பளபளக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் உறையில் போட்டால் மை அதில் ஒட்டிக்கொள்ளும். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிப்போன போட்டோவை உரிக்கவே உரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

சுற்றி வைக்க, கஞ்சி போடாமல் பல தடவை அலசிய பழைய பருத்தி வேட்டியைப் போல ஒன்று கடையில் கிடைக்காது. மடிப்பு விழும் இடத்தில் அதே துணியைச் சுருட்டித் திணித்தால் கம்பளி முறியாது. செய்தித்தாள் கூடாது, அதுவே மஞ்சளாகி துணியையும் மஞ்சளாக்கும். ஓலைப்பெட்டி பார்க்க அழகுதான், ஆனால் ஈரமும் பூச்சியும் தாராளமாகப் போய் வரும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா நல்லது, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், நிறம் மாறும் வகை என்றால் இன்னும் வசதி, மாறியதும் புதிதாக மாற்றிவிடலாம். சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வைத்தால் 65 சதவீதத்தைத் தாண்டும்போது தெரியும், அதற்கு மேலே போனால் பூஞ்சணம்தான்.

எங்கே வைப்பது? தரையில் வேண்டாம், தண்ணீர் ஏறும். பரண் வேண்டாம், தகரக் கூரைக்குக் கீழே கொதிக்கும். கடலைப் பார்த்த சுவரும் அடுப்படிச் சுவரும் வேண்டாம். உள்அறை பீரோவின் நடுத்தட்டு சரி. வருடத்துக்கு ஒரு தடவை, வாடைமழை முடிந்து மாசி பங்குனியில் ஒரு நல்ல வெயில் நாளின் மத்தியானம் திறந்து பாருங்கள், கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு.

திறக்கும்போது அந்தப் பென்சில் தாளையும் வெளியே எடுங்கள், பக்கத்தில் அவர்களை உட்கார வையுங்கள். போன பங்குனியில் அம்மா தானாகவே வெள்ளைப் பொத்தானைத் தொட்டு, “இது ஐயாவோட சட்டைப் பொத்தான். ரயில்ல வர்றப்ப என்னோடது அந்து விழுந்துருச்சு, அவரு அவரோடத பிச்சுத் தச்சாரு, கப்பல்ல ஏறுறப்ப மாரைத் திறந்து போட்டுக்கிட்டுத்தான் வந்தாரு” என்றார். பத்து வருடமாக நான் கேட்காத கேள்வி. தாளில் இடம் போதவில்லை, பின்பக்கம் எழுதித் தேதி போட்டேன்.