சிவப்பழகு கிரீமில் பாதரசம்: வேப்பிலை வெள்ளி நானோ துகளால் கண்டுபிடிக்கும் முறை

2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரகம் பாதித்து வந்த சிலரிடம் பொதுவாக இருந்தது சிவப்பழகு கிரீம். இந்தியாவில் சரும கிரீமில் பாதரசத்துக்கான வரம்பு 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கலப்பட கிரீம்களில் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருக்கலாம். வேப்பிலைச் சாற்றில் செய்த வெள்ளி நானோ துகளின் நிறம் பாதரசம் பட்டால் வெளிறும். அதை வைத்துச் செய்யும் இந்தச் சோதனை பிடிப்பது அப்படிப்பட்ட கிரீம்களைத்தான். புகைப்பெட்டி (நச்சுப் புகையை வெளியேற்றும் பெட்டி) உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள்.

முதலில் துகள். 10 கிராம் வேப்பிலையைக் கழுவி, கடைசி அலசலை வாலை வடிநீரில் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரைடு பட்டால் வெள்ளி வெண்மையாகத் திரிந்துவிடும். 100 மி.லி. வடிநீரில் 70 டிகிரியில் 20 நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். 100 மி.லி. நீரில் 17 மி.கி. வெள்ளி நைட்ரேட் கரைத்தால் 1 மில்லிமோலார் செறிவு. அதில் 90 மி.லி.யோடு சாறு 10 மி.லி. சேர்த்து இருட்டில் வையுங்கள். பழுப்பு நிறம் வந்து, நிறமாலைமானியில் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) 420 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சல் உச்சம் தெரிந்தால் துகள் தயார். மையவிலக்கியில் இருமுறை கழுவி, அந்த உச்சத்தில் உறிஞ்சல் 1 வரும்வரை நீர்க்க வையுங்கள். கழுவாமல் விட்டால் மிச்சச் சாறு பாதரசத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது கிரீம். அதில் சேர்க்கப்படும் பாதரச உப்புகள் பல நீரில் கரையாதவை, ஆகவே வெறும் நீரில் கலக்கிப் பார்ப்பது வீண். அரை கிராம் கிரீமுக்கு அடர் நைட்ரிக் அமிலம் 5 மி.லி. விட்டு, பொங்கி அடங்கட்டும் என்று அரைமணி நேரம் விடுங்கள். பிறகு மூடிய டெஃப்லான் கலத்தில் நுண்ணலைச் செரிப்பானில் (கிரீமை அமிலத்தில் கரைக்கும் கருவி) 180 டிகிரியில் 15 நிமிடம். திறந்த பாத்திரத்தில் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்காதீர்கள். மிஞ்சியது வெள்ளியையே கரைத்து, இல்லாத பாதரசத்தைக் காட்டும். நன்றாக ஆறிய பிறகே திறந்து 25 மி.லி. ஆக்குங்கள். அதை 100 மடங்கு நீர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 6-க்குக் கொண்டுவாருங்கள். நீர்ப்பைக் குறைத்தால் உப்பு கூடி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்.

இந்தக் கரைசல் 1 மி.லி.யை துகள் கரைசல் 1 மி.லி.யோடு கலந்து, 10 நிமிடம் கழித்து அளவிடுங்கள். கிரீம் இல்லாமல் அதே அமிலம், அதே படிகளில் செய்த ஒப்பீட்டுக் குழாய் கட்டாயம். ஒப்பீட்டைவிட நிறம் வெளிறி, உச்சம் குறைந்து, நீலப் பக்கம் (குறைந்த அலைநீளத்துக்கு) நகர்ந்தால் பாதரசம் என்று சந்தேகிக்கலாம்: அது வெள்ளியை அயனியாக்கித் துகள்மேல் ரசக்கலவையாகப் படிகிறது. சாம்பல் நிறமாகி உச்சம் 500 நானோமீட்டரைத் தாண்டி விரிந்தால் அது உப்பின் வேலை. எதுவுமே மாறாவிட்டால் அதே கரைசலில் தெரிந்த அளவு பாதரசத் தரக்கரைசலைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் வெளிறவில்லையென்றால் கிரீமில் உள்ள ஏதோ தடுக்கிறது, அந்த முடிவைத் தள்ளிவிடுங்கள்.

கணக்கு இது: 10,000 பிபிஎம் கிரீம் கடைசிக் குழாயில் சுமார் 5 மைக்ரோமோலார் பாதரசம் தரும். 1 பிபிஎம் கிரீம் தருவது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எனவே நிறம் மாறவில்லை என்பதற்காக ஒரு கிரீமைப் பாதுகாப்பானது என்று எழுதித் தராதீர்கள். அதற்கு மிகச் சிறு அளவையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் அல்லது குளிர் ஆவி அணு உறிஞ்சல் சோதனை வேண்டும். நிறம் மாறிய கிரீமையும் அங்கே உறுதிசெய்த பிறகே பெயர் சொல்லுங்கள். பாதரசக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் மூடி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.