ஆட்டிசம் உள்ள கலைஞர்களைக் குழுவில் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல எண்ணத்தோடு தொடங்கும் பல கலைக்குழுக்கள், ஓவியக் கூடத்தைப் பேச்சுப் பயிற்சிக் கூடமாக மாற்றிவிடுகின்றன. வட்டமாக உட்கார்ந்து அறிமுகம், கண்ணைப் பார்த்துப் பேச்சு, குழு விளையாட்டு. வரைய வந்தவர் தூரிகையைத் தொடும் முன்பே களைத்துவிடுகிறார். ஒரே மேசையில் இருவர் பேசாமல் வரைந்துகொண்டிருப்பதும் உறவுதான். தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன், புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இரு தரப்புக்கும் பொதுவானது என்று 2012இல் எழுதினார். அப்படியிருக்க, பழகிக்கொள்ளும் பாரம் முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுவது அநியாயம்.

அடுத்தது, அதிசயத்தை எதிர்பார்ப்பது. ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயர் 2005இல் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்த டோக்கியோ நகரத்தை நினைவிலிருந்தே பத்து மீட்டர் நீள ஓவியத் துணியில் வரைந்தார். அது அவருடைய திறமை. ஆட்டிசம் உள்ள எல்லோரும் அப்படி வரைவார்கள் என்று நினைத்தால், நிதானமாகத் தம் வழியைத் தேடுகிறவர்கள் ஏமாற்றம் தருபவர்களாகத் தெரிவார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அவசரம். ஒருநாள் பயிலரங்கு, சான்றிதழ், புகைப்படம், அதோடு சரி. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ள, மிகக் குறைவாகவே பேசும் நேனா காலு, கற்றல் குறைபாடு உள்ள கலைஞர்களுக்கு ஆதரவு தரும் லண்டனின் ஆக்‌ஷன்ஸ்பேஸ் அமைப்போடு 1999 முதல் பணியாற்றி வருகிறார். துணி, நாடா, காகிதம் ஆகியவற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டி அவர் செய்யும் சிற்பங்கள் அந்த நீண்ட காலத்தில் உருவானவை. 2025இல் அவருக்கு பிரிட்டனின் புகழ்பெற்ற கலை விருதான டர்னர் பரிசு கிடைத்தது. அதே இடம், அதே உதவியாளர்கள், ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆதரவு: ஒரு கலைஞருக்கு இவை அடிப்படைத் தேவை.

இரைச்சலிடும் விளக்கு, பின்னணி இசை, சொல்லாமல் மாற்றிய நேரம் ஆகியவற்றைச் சரிசெய்வது எளிது. எது தொந்தரவு என்று அவரிடமே கேளுங்கள். பேசாதவர் என்றால் எழுதியோ படம் காட்டியோ கேட்கலாம்.

கண்காட்சியில்தான் பெரிய தவறு நடக்கிறது. படத்துக்குக் கீழே நுட்பமும் ஆண்டும் இருக்க வேண்டிய இடத்தில் நோயறிதல் விவரம், அதுவும் அனுமதியில்லாமல். விலையோ இரக்கத்தின் அளவில். கண்காட்சி நன்கொடைச் சந்தை ஆகிவிடக் கூடாது. மற்ற கலைஞர்களுக்குத் தரும் ஒப்பந்தம், பதிப்புரிமை, விற்பனைப் பங்கு ஆகிய மூன்றையும் இவர்களுக்கும் தாருங்கள். படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் ஆட்டிசம் உள்ளவர்களை ஊதியத்தோடு உட்கார வையுங்கள்.