தகரக் கப்பல்: ஓட்டுவதும் துருவிலிருந்து காப்பதும்

கோயில் திருவிழாக் கடையில் விற்கும், விளக்கு வைத்தால் டக டகவென்று ஓடும் தகரக் கப்பலைக் கடலில் விடாதீர்கள். திருகோணமலைப் பிள்ளைகள் கப்பல் கைக்கு வந்ததும் டச் பே கரைக்குத்தான் ஓடுவார்கள். உப்புத் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே படிந்து குழாயை அடைக்கும், தகரத்தையும் அரிக்கும். நல்ல தண்ணீர் நிரப்பிய பேசின் போதும்.

உள்ளே இருப்பது தட்டையான சிறு கொதிகலனும் பின்புறம் நீருக்குள் நீளும் இரண்டு குழாய்களும் மட்டுமே. வால்வு இல்லை, சில்லு இல்லை. 1891இல் தோமஸ் பியோ இதற்குப் பிரித்தானியாவில் காப்புரிமை கோரினார். பின்னர் அமெரிக்காவில் சார்ள்ஸ் மக்ஹியூ கொதிகலனின் மேல்மூடியை மெல்லிய தகடாக்கினார். அது பொங்கித் தாழ்வதுதான் அந்தச் சத்தம். நிறம் அச்சிட்ட தகரத்தை இயந்திரத்தில் வெட்டி, விளிம்பில் நீட்டி நிற்கும் சிறு காதுகளைத் துளையில் நுழைத்து மடித்தால் உடல் தயார். விலை மலிந்தது இதனால்தான்.

ஊசி கழற்றிய சிரிஞ்சால் ஒரு குழாய்க்குள் தண்ணீரை மெதுவாக ஏற்றுங்கள். மற்றதில் குமிழி இல்லாமல் தண்ணீர் வரவேண்டும். வாயால் ஊதவோ உறிஞ்சவோ கூடாது. குழாயைப் பற்றவைத்து ஒட்டிய இடத்தில் ஈயம் இருக்கலாம். இரண்டு குழாய் வாயையும் விரலால் மூடியபடி கப்பலை நீரில் வைத்து, தேங்காயெண்ணெயில் நனைத்த சிறு திரியை ஏற்றிக் கொதிகலனுக்கு அடியில் தள்ளுங்கள். ஆவி தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். குளிர்ந்ததும் குழாய் மறுபடி உறிஞ்சும். தள்ளும் நீர் ஒரே திசையில் பாய்கிறது, உறிஞ்சும் நீர் சுற்றிவர எங்கிருந்தும் வருகிறது. அதனால் கப்பல் முன்னேறுகிறது.

ஓடவில்லையா? பெரும்பாலும் உள்ளே காற்று நிற்கிறது, திரும்ப நிரப்புங்கள். குழாய் வாய் நீருக்கு மேலே தெரிந்தால் பின்புறத்தில் சிறு பாரம் வையுங்கள். ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லையென்றால் மேல் தகடு நசுங்கியிருக்கிறது. சுடரைப் பெருப்பிக்காதீர்கள். தண்ணீர் உள்ளவரை கொதிகலன் 100 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். வற்றினால் 183ஐத் தாண்டி ஈயப்பற்று இளகும், மூட்டு விடும்.

ஓட்டி முடிந்ததும் தண்ணீரை உதறி, வெயிலில் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியால் பூசுங்கள். வெட்டிய விளிம்பிலும் மடித்த காதிலும் அதிகம் பூச வேண்டும். அங்கே வெள்ளீயப் பூச்சு இல்லாமல் இரும்பு வெளியே நிற்கிறது, கடற்காற்று முதலில் பிடிப்பதும் அதைத்தான். பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் துருவோடு அச்சு நிறமும் போய்விடும். காதுகளை நிமிர்த்தித் திறக்கவும் வேண்டாம், இரண்டாம் முறை மடிக்கும்போது முறியும்.